வலிக்காத கட்டி

அந்தமானின் மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, சாலை வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் வண்டிகள் குறித்த நேரத்தில், காவலோடு, வரிசையாகத்தான் போக வேண்டும். நெஞ்சுவலிக்காகவோ சிக்கலான பிரசவத்துக்காகவோ அந்த வழியில் விரைகிறவர்களின் அவசரம் யாருக்கும் புரியும். முதுகில் நெல்லிக்காய் அளவில் வலியில்லாமல் கிடக்கும் ஒரு கட்டிக்காக அந்தப் பாதையில் ஒரு பகலைச் செலவிட எவருக்கும் மனம் வராது. மாயாபந்தரிலேயே டாக்டர் ஆர். பி. மருத்துவமனை இருக்கிறது, அந்த வாசல் வரைக்கும்கூட இந்தக் கட்டி நம்மை நடக்க வைப்பதில்லை. இது தீவுக்காரர்களின் குணம் மட்டுமன்று. நடந்து போகும் தூரத்தில் நான்கு மருத்துவமனைகள் உள்ள மதுரைக்காரரும் இதே கட்டியைப் பத்து ஆண்டுகள் சட்டைக்குள் மறைத்து வைத்திருப்பார்.

'கொழுப்புக் கட்டி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விரலுக்கு அடியில் மெத்தென்று நழுவும் லிப்போமா உண்மையிலேயே கொழுப்புதான். நடுவில் கரும்புள்ளி போன்ற சிறு துளையோடு தோலை ஒட்டி நிற்கும் கட்டியின் கதை வேறு. மேல்தோலின் செல்கள் வெளியே உதிர வேண்டியவை. அவற்றில் சில உள்ளே புதைந்து ஒரு பையாகி, அந்தப் பைக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அங்கே வெளியேற வழியின்றிச் சேர்ந்து, நாற்றமடிக்கும் வெள்ளைக் கூழாகிறது. இதில் புற்று தோன்றுவது மிக அரிது. தலையில் வரும் வகை பல குடும்பங்களில் பரம்பரையாக இறங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு உண்டு. நம் வீடுகளில் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு பார்க்காமல் பங்கிடப்படும் சொத்துகளில் இதுவும் ஒன்று. ஆனால் அப்பாவின் வழுக்கையில் முப்பது ஆண்டுகளாக இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மகளின் நெற்றியோரத்தில் அதுவே தென்பட்டால், பெண் பார்க்க வருவதற்கு முந்தைய மாதத்தில் அது திடீரென்று நோயாகிவிடுகிறது.

இந்தக் கட்டியை எடுக்க உகந்த காலம் அது சும்மா இருக்கும் காலம். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிய கீறலில், பையைச் சுவரோடு முழுதாக எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அன்றே வீடு திரும்பலாம். அப்போது நாம் போவதில்லை. வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுகிறோம், வைத்தீசுவரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க நேர்ந்துகொள்கிறோம், கடைசியில் இரண்டு விரல்களால் பிதுக்குகிறோம். பிதுக்கினால் கூழ் வெளியே வருவதோடு பை உள்ளேயும் உடையலாம். தோலுக்கடியில் சிதறிய கெரட்டினை உடல் அந்நியப் பொருளாகக் கருதிச் சண்டைக்கு எழும். கட்டி சிவந்து வீங்கித் தெறிக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். அந்த நிலையில் பையின் சுவர் சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொண்டு முழுதாக உரிந்து வராது. அதனால் அவர் கீறி வடித்துவிட்டு, வீக்கம் அடங்கிச் சில வாரங்கள் கழித்து வரச் சொல்கிறார். வீக்கம் அடங்குகிறது, வலி போகிறது, நாமும் போவதில்லை. உள்ளே விட்டுவந்த பை மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது.

வலித்தால்தான் நோய் என்ற இந்தக் கணக்கை நாம் தனியாகப் போடவில்லை. அவசரத்துக்கு வண்டியும் படுக்கையும் தேடித் தருவதையே பெரும்பாடாகக் கொண்ட மருத்துவ ஏற்பாட்டில், அவசரமில்லாத நோயாளி எப்போதும் அடுத்த வாரத்துக்குரியவர். நாள்கூலிக்காரருக்கோ மீன்பிடிக்கப் போகிறவருக்கோ அந்த அடுத்த வாரம் இன்னொரு நாள் வருமானத்தின் இழப்பு. சிறிய துன்பத்தைச் சிறியதாக இருக்கும்போதே கவனித்துக்கொள்ள முடிவது நெடுங்காலமாக வசதி படைத்தவர்களின் உரிமையாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் மன்னருக்குத் தலையில் இப்படியொரு கட்டி இருந்தது. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் அதை அகற்றினார். 1821இல் அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. மன்னரின் கட்டியும் தீங்கற்றதுதான்.

எல்லாக் கட்டிகளையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. தொந்தரவு தராததை ஒருமுறை காட்டி இன்னதென்று தெரிந்துகொண்டு அப்படியே விட்டுவிடலாம். விரைவாக வளர்வது, கல்லாய் இறுகுவது, புண்ணாகி ஆறாதிருப்பது ஆகியவற்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எடுத்த கட்டியில் ஐயம் இருந்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சீழ் வடித்த பிறகு மருத்துவர் மறுபடி வரச் சொல்லியிருந்தால், வலி இல்லாத அந்த நாளில் தயவுசெய்து போய்விடுங்கள்.