மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு

டில்லியிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 1,750 கிலோமீட்டர். அதை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறோம். மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் வரை பதினேழு, பதினெட்டுக் கிலோமீட்டர்தான். மாலை ஆறு மணிக்குச் சாலை மார்க்கமாகப் புறப்பட்டால் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகும். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. விஞ்ஞானம் இன்னும் போதவில்லை என்பவர்களும் உண்டு. எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. விமானத்தில் நாம் வெறும் சரக்கு. எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்கு இறங்குவது என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்துவிடுகிறார்கள். கீழே இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும்தான் முதல்முறையாக நாமே ஒன்றை முடிவு செய்யவேண்டியிருக்கிறது. தர்ம சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மீனம்பாக்கத்தில் முக்கியமான வழிகள் மூன்று. வாடகைக் கார் ஒன்று. 2016-ல் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த மெட்ரோ ரயில் ஒன்று. அண்ணா சாலைக்கு அடியில் புகுந்து, முக்கால் மணிக்குள் சென்ட்ரலில் கொண்டுபோய் விட்டுவிடும். 2021-ல் அதன் உச்சக் கட்டணத்தை 50 ரூபாயாகக் குறைத்தார்கள். மூன்றாவது, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் புறம், திரிசூலம் ஸ்டேஷன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பாதைதான். பத்து ரூபாய் இருந்தால் எழும்பூருக்குப் போய்விடலாம்.

ஆனால் மேகத்திலிருந்து இறங்கியவர்களில் எத்தனை பேர் அந்தச் சாலையைக் கடந்து திரிசூலத்தில் போய் நிற்கிறார்கள்? கூட்டமாக இருக்கும், பெட்டி இருக்கிறது, குழந்தை இருக்கிறது, வயதான அம்மா இருக்கிறாள் என்பார்கள். இவை காரணங்கள்தாம், இவற்றை நான் ஆட்சேபிக்கவில்லை. முழங்கால் வலிக்காரியைப் பார்த்துப் படியேறு என்று சொல்லும் தர்மம் எனக்கு வேண்டாம். கையில் ஒரே ஒரு பை, வயது முப்பத்தைந்து, மணி காலை ஏழு, போகவேண்டிய இடம் எழும்பூர். இப்படி ஒருவர் கார்க்கதவைத் திறக்கிறாரே, அவரைப் பற்றித்தான் பேச்சு.

அவரைக் கேட்டால் நேரம் மிச்சமாகிறது என்பார். மிச்சமாவதில்லை என்பது அவருக்கே தெரியும். விமான டிக்கட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த மனிதர், கூடை நிறையக் கீரை ஏற்றிவரும் பெண்பிள்ளைக்கும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வரும் மாணவனுக்கும் நடுவில் நிற்க மனம் ஒப்புவதில்லை. ஆகாயத்தில் கிடைத்த அந்தஸ்து வீட்டு வாசல் வரையில் குலையாமல் போய்ச் சேரவேண்டும். கார் வாடகையில் ஒரு பகுதி பெட்ரோலுக்கு; மீதிப் பகுதி இதற்கு.

இருக்கட்டும். அவர் காசு, அவர் கார், நமக்கு என்ன? இந்தக் கேள்விக்குக் கேம்பிரிட்ஜ் பொருளாதாரப் பேராசிரியர் பிகூ, 1920-ல் வெளியான தம் புத்தகம் ஒன்றில் ஒரு சிறு உதாரணத்தால் பதில் சொல்லியிருக்கிறார். ஓர் ஊருக்கு இரண்டு சாலைகள். ஒன்று மோசமானது. மற்றொன்று நல்லது. எல்லாரும் நல்ல சாலையிலேயே வண்டியை விடுகிறார்கள், அதுவும் கெட்டதைப் போலாகிறவரையில். ஏன்? வண்டியை இறக்குகிறவன் தனக்கு ஆகும் தாமதத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறான். தன்னால் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஆகும் தாமதம் அவன் கணக்கில் ஏறுவதே இல்லை. அது மற்றவர்கள் கணக்கில் சிறுகச் சிறுகப் பற்று எழுதப்படுகிறது. கத்திப்பாராவில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, "என்ன சார் இந்த ஊர், ஒரே டிராபிக்!" என்று அலுத்துக்கொள்பவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் வாயில் டிராபிக் என்ற சொல்லுக்குப் பிற மனிதர்கள் என்று பொருள். அவருக்குப் பின்னால் நிற்கும் பஸ்ஸில் அறுபது பேர் அதே சொல்லைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் அவர் அடக்கம்.

ஒழுக்க விஷயங்களில் ஜெர்மானிய ஞானி கான்ட் சொன்ன உரைகல் பிரசித்தமானது: நீ செய்வதை எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்று பார். 1785-ல் எழுதினார். சொந்த ஊரான கோனிக்ஸ்பர்க்கை விட்டு அவர் அதிக தூரம் போனதே இல்லை. வாடகைக் கார்க்காரரிடம் பேரம் பேசும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. இருந்தாலும் உரைகல்லை உரைத்துப் பார்ப்போம். எல்லாரும் காரில் ஏறினால் சாலை அடைபடும். சரி. எல்லாரும் ரயிலில் ஏறினால்? ரயிலும் பிதுங்கும், கீரைக்கூடைக்கு இடம் இருக்காது. ஆகையால் 'எல்லாரும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை முழுவதும் தீர்க்க முடியாது என்று நினைக்கிறேன். யாருக்கு எது இல்லாமல் முடியாதோ அவருக்கு அதை விட்டுவைப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். முழங்கால் வலிக்காரியின் கார், ஒற்றைப் பைக்காரரின் காருக்குப் பின்னால் நிற்கிறது என்பதுதான் கத்திப்பாராவில் நடக்கும் அநியாயம்.

"நான் ஒருவன் ரயிலில் போனால் நெரிசல் குறைந்துவிடுமா?" இது அடுத்த வாதம், சற்று வலுவான வாதம். குறையாது. அவர் வராத இடம் காலியாக இருந்ததென்றுகூட யாருக்கும் தெரியப்போவதில்லை. குளத்தில் ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றும்படி ராஜா கட்டளையிட, எல்லாரும் இருட்டில் தண்ணீரை ஊற்றிய கதையைப் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதையில் பொழுது விடிந்ததும் குளம் நிறையத் தண்ணீர் நின்று, எல்லாரையும் காட்டிக்கொடுத்தது. சாலையில் அந்தச் சௌகரியமும் இல்லை. நெரிசலைப் பார்த்து யாரும் தம்மை அதில் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வீடு போய்ச் சேருகிறார்கள்.

கார் ஓட்டிப் பிழைப்பவரின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல கவலைதான். ஒரு சவாரிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் டிரைவர்கள் உண்டு. ஆனால் செல்போனில் மூன்று கம்பெனிகளின் வாடகையை ஒப்பிட்டு, நாற்பது ரூபாய் குறைந்ததை அழைத்தவர், அவருடைய பிழைப்புக்காகத்தான் அழைத்தேன் என்று சொல்லும்போது என்னால் நம்பமுடிவதில்லை.

தர்மத்தை நம்பிப் பயனில்லை என்று சில நகரங்கள் காசுக்கு மாறிவிட்டன. சிங்கப்பூரில் 1975-லேயே நகரின் நடுப்பகுதிக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தார்கள், லண்டனில் 2003-ல். பிகூ சொன்ன வரிதான் அது. இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கட்டணம் கட்டாதவரையில் 'பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று ஒரு மூலையிலாவது கூச்சம் இருந்திருக்கும். கட்டிய பிறகு அது உரிமையாகிவிடுகிறது; கூச்சத்துக்கும் சேர்த்து ரசீது கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் நிற்கும் அறுபது பேரைக் கேட்டால், கூச்சப்படுகிறவரைவிட வழிவிடுகிறவரே மேல் என்பார்கள். அவர்கள் கட்சியை என்னால் மறுக்க முடியவில்லை.

மேலை நாட்டு ஞானிகளுக்கு அகப்படாத விஷயம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது வரவேற்கப் போவது. ஒருவர் வந்து இறங்குவதற்கு நாலு பேர் காரில் போவார்கள். போகும்போது ஒரு நெரிசல், வரும்போது ஒரு நெரிசல். கணக்குப் பார்த்தால் இதைவிட வீண் வேறில்லை. நான் கணக்குப் பார்க்கமாட்டேன். டில்லியிலிருந்து வரும் அப்பா, "எதுக்குடா அலையறே? வாசல்லயே ரயில் இருக்கு, வந்துடறேன்" என்று போனில் சொல்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். பிள்ளையும், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மத்தியானமே ஆபீசில் லீவு கேட்கிறான். கிண்டியில் அரை மணி நேரம் நின்று, வியர்த்து, தாமதமாகப் போய்ச் சேருகிறான். அப்பா பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். மெட்ரோவுக்குப் போகும் வழி அவருக்கு எதிரேதான் இருக்கிறது. பெரிய எழுத்தில் பலகையும் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வந்து நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.