கடித்த நாயா, கடிக்கக்கூடிய இனமா?

அமெரிக்காவில் கடன் வாங்கி வீடு கட்டியவர் வீட்டுக் காப்பீடு இல்லாமல் இருக்க முடியாது; கடன் கொடுத்த வங்கி விடாது. தீ, புயல், திருட்டு ஆகியவற்றோடு, வீட்டுக்காரரால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் அந்தக் காப்பீடு பொறுப்பேற்கிறது. பெரும்பாலும் 1 லட்சம் முதல் 3 லட்சம் டாலர் வரை. அவர் வளர்க்கும் நாய் யாரையாவது கடித்தாலும் நஷ்டஈடு இதிலிருந்துதான் போகும். அதனால்தான் பல நிறுவனங்களின் விண்ணப்பத்தில் நாய் உண்டா, என்ன இனம் என்ற கேள்விகள் இருக்கின்றன. பிட்புல், ராட்வைலர், டாபர்மேன் என்று பதில் வந்தால் காப்பீடு மறுக்கப்படலாம், பிரீமியம் ஏறலாம், அல்லது நாயால் வரும் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்று ஒரு விலக்கு சேரலாம். அந்த நாய் இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை என்பது கணக்கில் வராது.

நிறுவனங்களின் பயத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024-இல் மட்டும் நாய்களால் ஏற்பட்ட காயங்களுக்காக அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் 22,658 கோரிக்கைகள் வந்தன. கொடுத்த தொகை ஏறத்தாழ 157 கோடி டாலர். கடிபட்டவர்களோடு, நாய் மோதிக் கீழே விழுந்த முதியவர்களும் சைக்கிள்காரர்களும் இதில் அடக்கம். ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 69,000 டாலருக்கு மேல். இந்தப் பணம் நாயே வளர்க்காதவர்களின் பிரீமியத்திலிருந்தும் வருகிறது. 1979 முதல் 1998 வரையிலான நாய்க்கடி மரணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிட்புல் வகையும் ராட்வைலரும் சம்பந்தப்பட்டிருந்ததாகக் கண்டார்கள். பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் ஆழமாகத்தான் இருக்கும். நாய்ப் பிரியர்கள் இதை மறுப்பது கடிபட்டவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து விலை வைப்பது காப்பீட்டுத் தொழிலின் அடிப்படை. இளைஞர்களின் கார் காப்பீட்டுக்கு அதிக விலை வைப்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். வகைப்படுத்துவதே தவறு என்று சொன்னால் காப்பீடே நடக்காது. எந்த வகைப்பாடு நியாயமானது என்றுதான் கேட்க வேண்டும்.

வகைப்பாடு முதலில் உண்மையாக இருக்க வேண்டும். வயதுக்குச் சான்றிதழ் உண்டு. நாயின் இனத்துக்குப் பெரும்பாலும் கண்பார்வைதான் சான்று. புளோரிடாவில் காப்பகங்களில் இருந்த 120 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், ஊழியர்கள் 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனை அப்படிச் சொன்னது 25 நாய்களை மட்டுமே. தினமும் நாய்களோடு பழகுபவர்களுக்கே இந்த நிலை. தவிர, இனம் தெரிந்தாலும் குணம் தெரிந்துவிடாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிகிறது என்றது. 2000 முதல் 2009 வரை நடந்த 256 நாய்க்கடி மரணங்களை அலசிய இன்னொரு ஆய்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டவை வேறு: தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லாதது, கருத்தடை செய்யாதது, குடும்பத்தோடு பழக விடாமல் நாயைத் தனியே அடைத்து வைத்தது. எல்லாமே மனிதர்களின் செயல்கள். விசாரித்தால் தெரியக்கூடியவை, விரும்பினால் மாற்றக்கூடியவை.

விலக்கு ஒப்பந்தத்தில்தான் பெரிய அநீதி இருக்கிறது. நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதால் நாய் அந்தத் தெருவை விட்டுப் போய்விடுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையை அது கடித்தால், அறுவை சிகிச்சைக்கான பணத்தை நாய்க்காரரின் சொந்தச் சொத்திலிருந்துதான் பெற வேண்டும். அவரிடம் இல்லையென்றால் குழந்தையின் குடும்பம்தான் சுமக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத, அப்படி ஒன்று இருப்பதே அறியாத மூன்றாம் ஆள் மீது நஷ்டம் விழுகிறது. காப்பீடு போய்விடுமே என்று பயந்து இனத்தை மறைப்பவராலும் இதே கதி நேரலாம். உண்மையைச் சொன்னவரோ, வீடா நாயா என்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். காப்பகங்களுக்கு வந்து சேரும் நாய்களில் இப்படி வந்தவையும் உண்டு.

நியூயார்க் மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. இனத்தை மட்டும் காரணமாக வைத்து வீட்டுக் காப்பீட்டை மறுக்கவோ, ரத்து செய்யவோ, பிரீமியத்தை ஏற்றவோ கூடாது. ஒரு குறிப்பிட்ட நாய் ஆபத்தானது என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் அப்போது நடவடிக்கை எடுக்கலாம். நெவாடாவும் அதே திசையில் சட்டம் செய்துள்ளது. இப்படிச் செய்தால் தொழில் நடக்காது என்ற வாதத்துக்கு அந்தத் தொழிலிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், நாய்க்கடி நஷ்டஈடாக ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலரைக் கொடுக்கிறது. அது தன் வாடிக்கையாளர்களிடம் நாயின் இனத்தைக் கேட்பதில்லை.