பரமபத சோபான படம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவிக்க அடியார்கள் ஏறி வரும் படிக்கு வடமொழியில் ‘சோபானம்’ என்று பெயர். அப்பெயர் தாங்கிய விளையாட்டு ஒன்றும் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வைணவ இல்லங்களில் விரிக்கப்படும் பரமபத சோபான படமே அது.

ஆடும் முறை எளிது. ஆளுக்கொரு காய். தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டித் தாயம் விழுந்தால் காய் இறங்கும். பின் விழுந்த எண்ணுக்குத் தக்கபடி கட்டம் கட்டமாக நகரும். ஏணியின் அடியை எய்தினால் ஏற்றம். பாம்பின் வாயில் விழுந்தால் இறக்கம். ஏணிகளுக்கு நற்குணங்களின் பெயர். பாம்புகளுக்குத் தீக்குணங்களின் பெயரும் அசுரர் பெயரும். உச்சியில் பரமபதம். அதில் நுழைய உரிய எண்ணே விழவேண்டும். மிகுந்து விழுந்தால் காய் நின்ற இடத்திலேயே காத்திருக்கும்.

தாயத்தில் பிறர் காயை வெட்டலாம். இங்கே வெட்டு இல்லை, பணயமும் இல்லை. சகுனி உருட்டிய கட்டை தருமரின் நாட்டையும் தம்பியரையும் திரௌபதியையும் பறித்தது. இப்படத்திலோ ஒருவன் இறங்கினால் அடுத்தவனுக்கு யாதொரு லாபமும் கிடையாது. ஏணிக்கு ஞானம் என்றும் பக்தி என்றும் பெயர் எழுதியிருப்பினும், அதன் அடிக்குக் கொண்டு சேர்ப்பது உருளும் கட்டையே. ஆடுபவனின் சாமர்த்தியம் அன்று. எம்பெருமானின் கிருபை காரணம் பாராது வருவது என்று ஆசாரியர்கள் உபதேசித்ததைச் சிறுவரும் உணர இதனினும் எளிய வழி ஏது?

பல படங்களில் மிக நீண்ட பாம்பு பரமபதத்தின் அருகிலேயே வாய் திறந்திருக்கும். ‘வந்துவிட்டோம்’ என்று எண்ணும் இடத்தில்தான் அகங்காரம் தீண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் விஷ்ணுசித்தரும் அக்கட்டத்தில் நின்றவரே. பாண்டியன் சபையில் பரதத்துவம் நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, யானைமீது பவனி வந்தார். கருடன்மேல் எம்பெருமான் காட்சி தந்தபோது, தம் வெற்றியை மறந்து, அவனுக்குக் கண்ணேறு படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். அதனாலேயே பெரியாழ்வார் ஆனார்.

விடிந்ததும் படம் சுருட்டப்படும். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்த துவாதசிப் பாரணைக்கு, பரமபதம் ஏறியவரும் பாம்பின் வாலில் நின்றவரும் ஒரே பந்தியில் அமர்வர்.