கன்றின் மேல் அவளுக்கு என்ன கோபம்?

எட்டு மாதக் கன்று. உடம்பெல்லாம் கழலை கிளம்பி, முன்னங்கால் வீங்கிப் புல்லை மோந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டது. மாமியார் அதன் கழுத்தில் வேப்பிலை கட்டினார். "மாட்டுக்கு அம்மை போட்டிருக்கு. அம்மா வந்து எறங்கியிருக்கா" என்றார். முந்தைய மாதம் பக்கத்துத் தெருவில் தடுப்பூசி போட்டபோதும், அம்மா கோவிச்சுக்குவா என்று அவர் தடுத்தார். நானும் கன்றை ஓட்டிப் போகவில்லை. அது என் குற்றம். பதினோராம் நாள் கன்று செத்தது.

"போன ஜென்மத்து வினை" என்றார் துக்கம் கேட்க வந்தவர். வினையென்று விட்டுவிடலாமானால் பசியும் வினைதானே? தினமும் நான் கழுநீர் வைப்பதும் வினைக்குக் குறுக்கே நிற்பதுதானே? அவரிடம் கேட்கவில்லை. இரவெல்லாம் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வக்கிரகாளி சந்நிதியில் நின்றேன். எத்தனையோ முறை பார்த்த காதுதான். அன்றுதான் அந்தக் குண்டலம் கண்ணில் பட்டது. வக்கிராசுரனின் தங்கை துன்முகியைக் காளி வதைக்கும்போது துன்முகி கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளை மேல் பழியில்லை என்று அதை எடுத்துக் காதில் குண்டலமாக அணிந்துகொண்டாள் காளி என்பது எங்கள் தலபுராணம். அசுர குலத்துச் சிசுவுக்கே அவ்வளவு பார்த்தவள், என் தொழுவத்துக் கன்றின் மேலா கோபத்தை இறக்குவாள்?

மாட்டு வெக்கை நோய் வந்து ஒரே வாரத்தில் உழவு மாடு அத்தனையும் போன கதையை என் அப்பா சொல்லிச் சொல்லி அழுவார். அதையும் அம்மன் சீற்றம் என்றுதான் கூழ் ஊற்றினார்கள். 1995-இல் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் வந்ததுதான் நம் நாட்டில் கடைசி. ஊர் ஊராக ஊசி போட்டுப் போட்டே அதை ஒழித்தார்கள். 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நோய்தான் அவள் என்றால் நோயோடு அவளும் போயிருக்க வேண்டும். போகவில்லையே! பௌர்ணமிக்குக் கோயிலில் நிற்க இடமில்லை.

கன்றைக் கொன்ற கழலை நோய்க்குப் போடுவது ஆட்டம்மை ஊசி. இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள் என்றார் டாக்டர். நோய் கண்ட மாட்டுக்கு அதைப் போடுவதில்லை, நன்றாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அம்மா மனசு என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க அதில் அவகாசம் இல்லை. மேலும் என் மாட்டைக் கடித்த ஈ எதிர்வீட்டு மாட்டையும் கடிக்கும். என் பயத்துக்கு அவர்கள் மாட்டைப் பலி கொடுக்க எனக்கு என்ன உரிமை?

தாய்ப்பசுவுக்குக் கழலை ஊசி போட்டாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசிக்கு இந்த முறை மாமியாரே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் வேப்பிலை. அதை அவர் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.