கொலைக்கருவியைக் காத்தல் அறமாகுமோ?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர், கொல்லுதற்கென்றே செய்யப்பட்ட வாளையும் வேலையும் பொருள் செலவிட்டுப் பேணலாமோ? பழைய படைக்கலங்களின் மதிப்பை ஆய்ந்துரைப்பதிலும், அவை துருவேறி அழியாமற் செப்பனிடுவதிலும் கற்றறிந்தோர் பலர் தம் வாழ்நாளைக் கழிக்கின்றனர். அவர்தம் தொழில் அறத்தின்பாற்படுமோ? இவ்வினாவை நாம் எளிதிற் புறந்தள்ள இயலாது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதம், வாள், கோடரி, நஞ்சு முதலிய துன்பக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை விலக்குகின்றது. வழங்குதல் தகாதெனின், காத்தல் மட்டும் தகுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

விரதம் விலக்குவது எதனை என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். இரும்பில் பாவம் உறைவதில்லை. பிறவுயிரைத் துன்புறுத்துவார்க்குத் துணை நிற்றலே பாவம். எனவே, ஒரு கருவி இன்று எப்பயனுக்காகக் காக்கப்படுகின்றது என்பதே வினா. இதற்கு விடை தருவதோர் இடம் ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் உள்ளது. அங்குள்ள படைக்கலச் சாலை 1642 முதல் 1645 வரை கட்டப்பெற்றது. துருக்கியர் படையெடுப்பை அஞ்சிய காலத்தில் ஈட்டி, வாள், துப்பாக்கி, கவசம் எனப் பல்லாயிரம் கருவிகள் அங்குத் தொகுக்கப்பட்டன. 1749ஆம் ஆண்டில் அரசி மரியா தெரசா இத்தகைய சாலைகளைக் கலைத்துவிட முற்பட்டபோது, ஸ்டைரியா நாட்டு மன்றத்தார் தம் முன்னோரின் நினைவாக அதனை விட்டுவைக்குமாறு வேண்டினர், அரசியும் இசைந்தார். இன்றும் ஏறத்தாழ 32,000 பொருள்கள் அங்கு உள்ளன. போருக்கெனத் தொகுத்தவை, போரை எண்ணிப் பார்த்தற்குரியவையாக மாறின.

கருவி நினைவுப்பொருளாகிவிட்டால், அதற்குரிய அறமும் மாறுகின்றது. நினைவு பொய்யாதல் கூடாது. ஆகவே, இத்தொழிலில் கொல்லாமையைக் காட்டிலும் மிகுதியாகச் சோதிக்கப்படுவது வாய்மையே என்பது எம் கருத்து.

மதிப்பீட்டாளர் ஒரு மார்புக்கவசத்தை எங்ஙனம் ஆய்கின்றார் எனக் காண்போம். பழங்காலக் கொல்லர் சம்மட்டியால் அடித்துத் தகட்டை உருவாக்கினர். ஆதலின் அதன் கனம் இடத்துக்கு இடம் வேறுபடும். மார்பின் நடுவே தடித்தும், ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். வெளிப்புறம் மெருகேற்றப்பட்டிருப்பினும் உட்புறத்தில் சம்மட்டி அடித்த சுவடுகள் காணப்படும். ஆலையில் உருட்டிய தகட்டாற் செய்த போலியிலோ கனம் எங்கும் ஒரே சீராயிருக்கும். அமிலம் பூசி விரைவில் வரவழைத்த துருவையும், நூற்றாண்டுகள் படிந்த துருவையும் பயின்ற கண் பெரும்பாலும் பிரித்தறியும்.

அக்கவசத்தில் குண்டு பட்ட குழி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இது போர்க்களத்தில் ஒரு வீரன் ஏற்ற குண்டு என்று கூறினால் வாங்குவோர் மனம் நெகிழும்; விலையும் உயரும். ஆனால், ஐரோப்பியக் கொல்லர்கள் தம் கவசத்தின் உறுதியைக் காட்டத் தாமே அதன்மீது சுட்டுச் சோதித்துக் குழியை அடையாளமாக விட்டுவைத்தல் வழக்கம். ஆகவே நேர்மையுள்ள மதிப்பீட்டாளர், சான்று கிட்டும்வரை, "இது சோதனைக் குழியாகவும் இருக்கலாம்" என்றே எழுதுவார். அவ்வொரு வரியால் அவருக்கு ஊதியம் குறையலாம், வாய்மை குறைவதில்லை.

இங்குள்ள சோதனை சிறிதன்று. திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் எனப்பட்டது 2023ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் தளபதி டேவிட் பெயர்டுக்கு அளிக்கப்பட்டது என்னும் வரலாறு அதற்கு உண்டு. எஃகினும் பெயருக்கே விலை மிகுதி எனின், பெயரற்ற வாளுக்குப் பெயர் சூட்டும் ஆசை எத்துணை வலிதாகும்! சாமுவேல் பிராட் என்னும் லண்டன் வணிகர் 1839இல் ஸ்காட்லாந்தில் நடந்த எக்லின்டன் வீரவிளையாட்டு விழாவுக்குக் கவசங்கள் அளித்துப் புகழ் பெற்றவர். அவர் கடைவழி விற்பனையான தலைக்கவசங்களுட் சில, பழமைபோலப் புதிதாகச் செய்யப்பட்டவை எனப் பிற்கால அறிஞர் கண்டனர்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள் ஒன்றாகப் போலியை மெய்ப்பொருள்போல் விற்றலை வைத்துள்ளார். அதனைப் பொய்யாமையோடு மட்டும் நிறுத்தாது, களவின்பாற்படுத்திய நுட்பம் எண்ணத்தக்கது. போலியை விற்பவன் வாங்குவோனது பொருளைக் கவர்கின்றான். அத்துடன் உண்மையாகவே அவ்வாளைச் செய்தவனது உழைப்பையும், அதனால் மாண்டவரது கதையையும் பிறரிடமிருந்து கவர்ந்துவிடுகின்றான்.

செப்பனிடுவோர்க்கும் இவ்வறம் பொருந்தும். ஜப்பானியர் தம் வாளின் அலகைக் கற்களில் தீட்டிக் கண்ணாடிபோல் ஆக்குவர். ஆயினும் பிடிக்குள் செருகப்படும் தண்டுப் பகுதியின் துருவை ஒருபோதும் அகற்றார். அதன் நிறமும் படிவும் வாளின் வயதை உணர்த்தும். கொல்லன் பொறித்த பெயரும் அங்கேதான் இருக்கும். அலகைத் தீட்டுந்தோறும் எஃகு சிறிது தேய்கின்றது, தேய்ந்தது மீளாது. ஆகவே அங்கும் தேவைக்கு மேல் தீட்டுதல் குற்றமே. நம் தென்னாட்டில் மூசையில் உருக்கி வார்த்த எஃகினாற் செய்த வாள்களில் நீரோட்டம்போன்ற வரிகள் உண்டு. சாணைச் சக்கரத்தில் இட்டால் அவை மறையும்; மிகுந்த வெப்பம் பட்டால் முற்றும் அழியும். எனவே நல்ல செப்பனிடுவோர், பரவும் துருவைத் தடுத்து, ஈரத்தை விலக்கி, மெல்லிய மெழுகு பூசி, தாம் செய்ததனைத்தையும் எழுதிவைப்பர். பின்வருவோர் நீக்கிவிடக்கூடிய முறைகளையே கையாள்வர். மழுங்கிய வாளை மீண்டும் வெட்டுமாறு கூராக்குதல் அவர் கடமையன்று. அடக்கமே அவர்தம் திறமை.

"இவற்றையெல்லாம் உருக்கிக் கலப்பை செய்தால் என்ன?" என்பாரும் உளர். அவர் நெஞ்சம் நன்று. எனினும் நாம் உடன்படுவதற்கில்லை. உருக்கிவிட்டால் கருவி ஒழியும். மனிதன் மனிதனுக்குச் செய்தது ஒழியாது. வெட்டுண்ட கவசத்தைக் கண்ணெதிரே காணும் மாணவர்க்குப் போர் என்பது பாடநூலில் உள்ள ஆண்டு எண்ணாக மட்டும் நில்லாது. ஆனால் பிறிதோர் ஐயம் எஞ்சியே நிற்கின்றது. பொன்னிழைத்த பிடியையும் பூவேலையையும் கண்டு வியக்கும் கண், அலகு எதற்கென்பதை மறந்துவிடலாம். இதற்கு மருந்து அழகை மறைப்பதன்று. விளக்கக் குறிப்பில் முழு உண்மையையும் எழுதுவதே. கொல்லனின் திறனைப் போற்றும் குறிப்பு, அக்கருவி செய்த வேலையையும் கூசாது சொல்லுதல் வேண்டும்.

நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலும் பாட்டனார் காலத்து வாளோ கட்டாரியோ பரணில் கிடத்தல் கூடும். அதனைப் புளியிட்டும் செங்கற்பொடியிட்டும் தேய்த்துப் பளபளக்கச் செய்தல் வேண்டா. வெறுங்கையால் தொடின் வியர்வையின் உப்பே துருவை வளர்க்கும். உலர்ந்த பருத்தித் துணியாற் பற்றி, ஈரமில்லா இடத்தில் வைத்தல் போதும். தோலுறை ஈரத்தை ஈர்த்து வைத்திருக்குமாதலின் அலகை அதனுள் நெடுங்காலம் விடலாகாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே பழம்பொருள்களைக் காக்கும் வேதியியற் கூடம் அமைக்கப்பெற்றது. இத்தகைய துறையினரிடம் காட்டி அறிவுரை கேட்டலே முறை. அதனுடன் ஒரு தாளில், அவ்வாளைப்பற்றி நாம் உறுதியாக அறிந்ததை ஒருபுறமும், கேள்விப்பட்டதை மறுபுறமும் எழுதி வைப்போமாக. இரண்டும் கலவாதிருக்கும்வரை, அவ்வாளைக் காத்தலில் விரதத்திற்கு இழுக்கு இல்லை.