சோதனை வண்டியும் நம் சோதனையும்

இரும்பையில் பிற்பகல் காற்றுக்கு ஓர் உப்புச் சுவை உண்டு. கிழக்கே கடல், வடக்கே, சற்றுத் தொலைவில், மரக்காணத்து உப்பளங்கள். கதவுக் கீலும் சன்னல் கம்பியும் சைக்கிள் ஆரக்காலும் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே வருகின்றன. ஊரின் பெயரிலேயே இரும்பின் ஒலி இருக்கிறது. ஆனால் இக்கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு.

இப்படிப்பட்ட ஊரில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது. நம் தமக்கையின் மகன் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்துகிறான். பாத்திகளுக்கு இடையே செல்லும் வரப்புப் பாதைகளில் போய்வர அவனுக்கு ஒரு வண்டி தேவை. அவன் மனம் ஒன்றின்மேல் மட்டுமே நின்றது: புல்லட் டிரையல்ஸ்.

டிரையல்ஸ் என்பது விரைவுப் பந்தயமன்று, சோதனை ஓட்டம். பாறையிலும் சேற்றிலும் ஓடைப் படுகையிலும் கால் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். ஊன்றும்தோறும் தண்டப் புள்ளி ஏறும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். 1909-இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் ஆறுநாள் சோதனை ஓட்டம் இவ்வகையில் புகழ்பெற்றது. 1952-இலும் 1957-இலும் ஜானி பிரிட்டன் என்னும் ஆங்கிலேய வீரர் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் அதை வென்றார். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்தோடு கைகோத்தது. புல்லட் நம் திருவொற்றியூரின் பிள்ளையாயிற்று. அந்தப் பழம் புகழை நினைவூட்டும் வகையில் 2019 மார்ச்சில் புல்லட் டிரையல்ஸ் வெளிவந்தது. 350-க்குச் சிவப்புச் சட்டகம், 500-க்குப் பச்சைச் சட்டகம், ஒருவர் மட்டும் அமரும் இருக்கை, மேல்நோக்கி உயர்ந்த புகைக்குழாய். மறு ஆண்டில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அதன் உற்பத்தி தொடரவில்லை. ஆகவே இன்று அதனைப் பழையதாகத்தான் வாங்க முடியும்.

நாம் நிறைகுறைகளை அவன்முன் வைத்தோம். எஞ்ஜின் அக்காலத்துப் புல்லட்டின் எஞ்ஜின்தான். ஆகவே அதன் உதிரிப் பாகங்களுக்குத் தட்டுப்பாடில்லை. ஆனால் இவ்வண்டிக்கே உரிய புகைக்குழாயோ இருக்கையோ பழுதானால் அலைய வேண்டும். உண்மையான சோதனை வண்டிகள் ஏறத்தாழ எழுபது கிலோ எடைதான் இருக்கும்; இதுவோ நூற்றெண்பதைத் தாண்டும். வரப்பில் சரிந்தால் தனியொருவனாய்த் தூக்குவது கடினம். “மாமா, வண்டியைப் பார்த்துவிட்டுப் பேசுவோமே” என்றான். இளமையின் விருப்பத்துக்குக் கணக்கு எப்போதும் சற்றுக் கசப்பானதே.

கையிருப்பு போதவில்லை. வீட்டில் நின்ற நம் பழைய வண்டியை விற்று அத்தொகையையும் சேர்ப்பதென முடிவாயிற்று. இந்தச் சிறு முடிவே பின்னர் நம்மை உறங்கவிடாமல் செய்தது.

கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு டிரையல்ஸ் விலைக்கு வந்தது. பழக்கமான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துச் சென்றோம். வண்டி பளபளவென்று நின்றது. சட்டகத்தின் எண்ணும் எஞ்ஜினின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருந்தன. எஞ்ஜின் முதல் உதையிலேயே எழுந்தது. புகையில் நீலச் சாயலும் இல்லை. நம் மருமகன் முகம் மலர்ந்தது. மெக்கானிக் மட்டும் தரையில் படுத்து, கால்மிதியை ஒட்டிய குழாயைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. அங்கே நகத்தால் கீறினார். புதுச் சிவப்பு வண்ணத்தின் கீழ்த் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

இதைச் செய்தவரின் குற்றமென்று சொல்வதற்கில்லை. இது கடற்காற்றின் வேலை. காற்றிலுள்ள உப்புத் துகள் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் மெல்லிய உவர்நீர்ப் படலமாய்ப் படியும். துரு அப்படலத்தின் அடியில் ஓசையின்றி வளரும். நல்ல நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வந்தால் அதைத் தடுக்கலாம். கழுவாததுகூட மன்னிக்கத்தக்க சோம்பலே. ஆனால் துருவின்மேல் வண்ணம் பூசியது? “நீங்கள் கேட்கவில்லையே” என்றார் விற்க வந்தவர். கடுஞ்சொல் கூறிவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அவருடைய நேர்மையின்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

வீட்டு வாசலில் நம் பழைய வண்டி நின்றது. அதை வாங்க மறுநாள் ஓர் உப்பளத் தொழிலாளி வருவதாக இருந்தார். அவரைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஏன் ஆறு மணி? அவ்வண்டிக்கு ஒரு கோளாறு உண்டு. குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடும்; பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் திடீரென எஞ்ஜின் நின்றுவிடும்; ஆறிய பிறகே மீண்டும் உயிர்பெறும். விடியற்காலையில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இதை நாம் திட்டமிட்டோம் என்று சொல்ல நாவு கூசுகிறது. ஆயினும் வேறெந்த நேரத்தையும் நாம் குறிக்கவில்லை என்பது உண்மை.

வண்ணம் பூசியவருக்கும் நேரம் குறித்த நமக்கும் என்ன வேறுபாடு?

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில், விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்று தனியாக ஆராய்கிறார். அவர் கால மோட்டார் சைக்கிள் குதிரை. ஒரு கண் இல்லாத குதிரையை விற்பவன், விலையை அதற்கேற்பக் குறைத்துவிட்டால், அக்குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டுவதில்லை; குறை எவர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவனுக்கு இழப்போ இடரோ நேருமானால், விற்பவன் சொல்லியே ஆகவேண்டும். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையாக விற்பதும், இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடாக விற்பதும் அநீதி என்கிறார். “நீங்கள் கேட்கவில்லையே” என்னும் விடைக்கு அவருடைய நீதிமன்றத்தில் இடமில்லை.

இதற்கு எதிராக உலகியல் அறிவு ஒன்று சொல்லும்: “பழைய பொருள் வாங்குபவன் பார்த்து வாங்கட்டும். அதற்காகத்தானே விலை குறைவு?” இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தேய்ந்த சங்கிலியையும் வழுக்கையான டயரையும் நாம் பட்டியலிட வேண்டுவதில்லை. வாங்குபவருக்கும் கண்ணுண்டு. ஆனால் மெக்கானிக்கை உடன் அழைத்துவர வசதியுள்ளவர் ஒருவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருபவர் மற்றொருவர். பார்த்து வாங்கும் ஆற்றல் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. நமக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரியாததும் சேர்ந்து நம் இலாபமாகுமெனில், அந்த இலாபம் வண்டியின் விலையன்று. அவருடைய அறியாமையின் விலை. அதிலும் இக்கோளாறு பணத்தோடு முடிவதன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில், இருட்டில், பின்னால் பேருந்து வரும்போது எஞ்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் ஒருமுறை அனுபவித்தே அறிந்திருந்தோம்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் வந்தார். சுற்றி வந்து இறங்கி, “நல்லா இருக்குதுங்க” என்றார். அந்தச் சொல்லோடு விட்டிருக்கலாம். நம் நாவு ஒரு கணம் அப்படியே விட்டுவிடத்தான் பார்த்தது. பிறகு, “தம்பி, சூடானால் நின்றுவிடும். காரணம் என்னவென்று மெக்கானிக்கும் உறுதியாகச் சொல்லவில்லை” என்றோம். அவர் வண்டியையும் நம்மையும் மாறிமாறிப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று போனவர் அவ்வாரம் வரவில்லை. பின்னர் நாம் செலவு செய்து பழுதுபார்த்தோம். தீப்பொறி தரும் காயில் சூட்டில் செயலிழந்திருந்தது. ஆளனுப்பிச் சொன்னோம். அவர் வேறொரு வண்டி வாங்கிவிட்டிருந்தார். நம் வண்டி எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கு வேறொருவரிடம் போயிற்று. உண்மை சொன்னதற்கு உடனடிப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். பரிசு கிடைக்குமென்று சொல்வது நற்செய்தியை வணிகமாக்குவதாகும்.

ஆனால் ஒரு தெளிவு கிடைத்தது. பழைய வண்டியின் நம்பகம் என்று எதைச் சொல்கிறோம்? இரும்புக்கு நேர்மையும் இல்லை, வஞ்சகமும் இல்லை. முன்பு வைத்திருந்தவர் எத்தனை முறை எண்ணெய் மாற்றினார், மழையில் நனைந்த சங்கிலியைத் துடைத்தாரா, விற்கும்போது உண்மை சொன்னாரா என்பவற்றின் கூட்டுத்தொகையே நம்பகம். பழைய பொருளை வாங்குகிறவன் முன்பின் அறியாத ஒருவருடைய பழக்கங்களையே வாங்குகிறான். அவ்வாறே, இன்று நாம் பூசும் எண்ணெய் நாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவருக்கு நாம் செய்யும் அறம்.

இங்கும் ஓர் எல்லை வேண்டும். உப்பளக் குடியிருப்புகளில் நல்ல நீர் அருமையானது. பெண்கள் குடத்தோடு காத்து நிற்கும் ஊரில் வண்டியை நாள்தோறும் நீராட்டுவது பேணுதலா, செருக்கா? வகுப்புக்கு வரும் பிள்ளைகளைவிட வண்டிக்கு அதிக நேரம் செலவிட்டால் வண்டி நமக்குச் சிலையாகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, துளி எண்ணெய் விட்டு, பயணத்துக்குத் தகுதியாக வைத்திருந்தால் போதும். மறுபுறம், பழுதானதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் போக்கும் தீர்வாகாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தது நமக்கு நினைவிருக்கும். பொருளை எறியப் பழகிய கை மனிதரையும் எறியத் தயங்காது.

திருஞானசம்பந்தர் பாடிய நம் ஊர் மாகாளேசுவரர் கோயிலில், முன்னொரு காலத்தில் மூன்றாகப் பிளந்து மீண்டும் ஒன்றுசேர்ந்த இலிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருப்பதாக ஊரார் சொல்வர். அக்கதையின் நாயகரான கடுவெளிச் சித்தரின் பெயரில் வழங்கும் பாடல், பத்து மாதம் வேண்டிப் பெற்ற தோண்டியைக் கூத்தாடி உடைத்தவனைப் பற்றியது. தூய பவுலடியாரும் நம்மை மண்பாண்டத்துக்கே ஒப்பிட்டார். உடையக்கூடியதை உடையாததெனக் காட்டுவது பொய்; உடைந்ததை அறிந்து, பிணைத்து, பேணி வழங்குவது அன்பு. ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் செய்வதும் வேறென்ன? வண்ணத்தைச் சுரண்டித் துருவைக் காட்டுகிறோம். காட்டிய பிறகே செப்பனிடுதல் தொடங்குகிறது.

நம் மருமகன் இறுதியில் டிரையல்ஸ் வாங்கவில்லை. மரக்காணத்திலும் திண்டிவனத்திலும் எந்தப் பட்டறையிலும் பாகம் கிடைக்கும், நூறு சி.சி. எளிய வண்டி ஒன்றை வாங்கினான். விற்றவர் ஒரு முதியவர். கேட்பதற்கு முன்பே, பின் பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். அந்த ஒரு குறையைச் சொன்னதாலேயே அவர் சொன்ன மற்ற நிறைகளை நாம் நம்பினோம்.

டிரையல்ஸ் என்பதற்குத் தமிழில் சோதனை என்கிறோம். ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாள்தோறும் நம் நாவில் வரும் சொல்லும் அதுவே. பாறையும் சேறுமான பாதைகளில்தான் அது வரும் என்று எண்ணியிருந்தோம். சமதரையில், நம் வீட்டு வாசலில், காலை ஆறு மணிக்கு வந்தது. அங்கே கால் ஊன்றாமல் கடப்பதற்கு நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு ஆயத்தமாயிருக்கிறோம்?