பிறர் நோயில் நம் லாபமா?

ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடுவது ஒரு முஃமினின் கடமைகளுள் ஒன்று. தொழுகை, நோன்பு ஆகியவற்றின் மஸ்அலாக்களைக் கேட்டறிவதில் நம் மக்கள் காட்டும் அக்கறையைக் கொடுக்கல் வாங்கல் மஸ்அலாக்களில் காட்டுவதில்லை என்று உலமாப் பெருமக்கள் காலங்காலமாக வருந்தி வந்துள்ளனர். ஆயினும், அண்மைக் காலமாக நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். ஏலக்காய் வியாபாரத்திலும், திராட்சைத் தோட்டங்களிலும், வளைகுடா நாடுகளிலும் உழைத்து நாலு காசு சேர்த்தவர்கள், அதை எதில் போடலாம் என்று மார்க்கம் அறிந்தவர்களிடம் வந்து கேட்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்!

அவர்கள் கேட்பது இதுதான்: "பாங்கில் போட்டால் வட்டி. நிலம் வாங்கப் பெருந்தொகை வேண்டும். ஆகவே, கம்பெனிப் பங்குகளில் போட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்கலாம் என்று எண்ணுகிறோம். அதிலும் சாராயக் கம்பெனியோ வட்டிக் கம்பெனியோ வேண்டாம். மருந்துக் கடைகள் நடத்தும் கம்பெனி, ஆஸ்பத்திரிக் கம்பெனி இவற்றின் பங்குகள் கூடுமா?"

இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று ஃபிக்ஹைச் சேர்ந்தது: அப்பங்குகளை வாங்குவது ஆகுமா? மற்றொன்று உள்ளத்தைச் சேர்ந்தது: நோயாளிகள் பெருகப் பெருகப் பெருகும் லாபத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஒரு முஃமினுக்குத் தகுமா? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் சிலரே. நாம் இரண்டையும் இங்கு ஆராய்வோம்.

பங்கு என்பது யாது?

பங்கு என்பது வெறும் காகிதமும் அன்று. கைப்பேசியில் ஏறி இறங்கும் எண்ணும் அன்று. ஒரு வியாபாரத்தின் உடைமையில் ஒரு சிறு பாகம். நம் ஃபிக்ஹு நூல்கள் 'ஷிர்கத்' என்னும் கூட்டு வியாபாரத்தை விரிவாகப் பேசுகின்றன. லாபம் பேசிக்கொண்டபடி, நஷ்டம் அவரவர் போட்ட முதலின்படி. இதுவே அதன் அடிப்படை. மருந்து விற்பதும் மருத்துவம் செய்வதும் ஆகுமான தொழில்கள். எனவே அத்தொழிலில் கூட்டுச் சேருவதும் மூலத்தில் ஆகுமானதே.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இன்றைய பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன. மிச்சப் பணத்தை வட்டிக்கு வைக்கின்றன. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1992ல் ஜித்தாவில் கூடிய மஜ்மஉல் ஃபிக்ஹில் இஸ்லாமீ, இடையிடையே வட்டி போன்ற ஹராமில் ஈடுபடும் கம்பெனியில் பங்கு சேருவது மூலத்தில் ஹராம் என்றே தீர்மானித்தது. மௌலானா தகீ உஸ்மானீ போன்றோர், மூலத் தொழில் ஹலாலாக இருந்து வட்டி சொற்பமாகக் கலந்திருந்தால், நிபந்தனைகளுடன் அனுமதிக்கின்றனர். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்ஃபீ அமைப்பின் நிபந்தனைப்படி, வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஹராமான வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது.

பேணுதலை நாடுவோர் முதல் கருத்தைப் பற்றிக்கொள்வார்கள். அவர்களை நாம் போற்றுகிறோம். இரண்டாவது கருத்தின்படி நடப்போர், நிபந்தனையை மறந்து அனுமதியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரி கட்டுவதற்குப் பெருங்கடன் தேவைப்படும். ஆகவே "மருத்துவக் கம்பெனிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கு இடமில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்துக் கடனையும் வட்டி வருமானத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

பொறுமையும் சூதும்

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு விலையின் ஏற்ற இறக்கத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022ல் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைப் போடி வியாபாரிகள் கண்ணால் கண்டார்கள். உச்ச விலையில் கடன் வாங்கிச் சரக்கு பிடித்தவர் நொடித்தார். தோட்டத்தைப் பேணி, நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டவர் நின்றார்.

பங்கும் அப்படித்தான். ஹைதராபாத்தில் 2006ல் துவங்கிய மெட்பிளஸ் என்ற மருந்துக் கடைக் கம்பெனி, 2021 டிசம்பரில் 796 ரூபாய் வீதம் பங்குகளை வெளியிட்டது. சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே அது ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டிலேயே வெளியிட்ட விலைக்கும் கீழே இறங்கியது. அந்த ஓராண்டில் மக்கள் மருந்து உண்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. வியாபாரம் ஒரு வழியில் நடக்க, விலை வேறு வழியில் நடந்தது. நீண்ட காலம் வைத்திருப்பவர் வியாபாரத்தில் கூட்டாளி. நாளுக்கு நாள் விலையின் பின்னால் ஓடுபவர் சூதின் வாசற்படியில் நிற்கிறார்.

நம் ஃபிக்ஹில், வாங்கிய பொருள் கைவசம் வருமுன் விற்பது கூடாது. 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் வாங்கிய பங்கு மறு வேலை நாளில்தான் கணக்கில் சேருகிறது. காலையில் வாங்கி மாலையில் விற்பவர் எதை விற்கிறார்? எதிர்கால ஒப்பந்த வியாபாரமோ இன்னும் மோசம். அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் மூன்றாண்டுகளில் நஷ்டமடைந்தனர் என்று செபி அமைப்பே 2024ல் அறிவித்தது. சூதாட்டத்தை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

கஃபன் துணி விற்றவர்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும் இடத்தில், முன்னோர் ஒருவர் கூறிய அறிவுரையை எடுத்துக் காட்டுகிறார்கள். உன் மகனை உணவு தானியம் விற்பதிலும் கஃபன் துணி விற்பதிலும் ஈடுபடுத்தாதே என்பது அதன் கருத்து. ஏனெனில், முன்னதில் விலை ஏறாதா என்று மனம் ஏங்கும். பின்னதில் மக்கள் இறக்க மாட்டார்களா என்று மனம் ஏங்கும்.

தானியமும் கஃபனும் ஹராமான பொருள்களா? அல்லவே! கஃபன் இல்லாமல் மய்யித்தை எப்படி அடக்குவது? தொழில் ஆகுமானதுதான். அத்தொழில் உள்ளத்தில் வளர்க்கக் கூடிய ஆசையையே அப்பெரியார் அஞ்சினார். மருந்துப் பங்கை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 'சர்க்கரை நோய் பெருகி வருகிறது. முதியவர்கள் தொகை கூடி வருகிறது. ஆகவே இந்தக் கம்பெனிக்கு நல்ல எதிர்காலம்' என்று எழுதப்பட்டதை நாம் படிக்கிறோம். அதைப் படிக்கும்போது நம் மனத்தில் எழுவது கவலையா, களிப்பா?

அதே இமாமவர்கள், மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்றும், அதை எல்லாரும் கைவிட்டால் ஊரே குற்றவாளியாகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் அறிவிக்கிறது. மருந்துக் கடை என்று ஒன்று இருக்க வேண்டுமானால், அதில் முதல் போட ஒருவர் வேண்டும். முதல் போட்டவருக்கு நியாயமான லாபமும் வேண்டும். 1983ல் சென்னையில் 150 படுக்கைகளுடன் துவங்கிய அப்போலோ ஆஸ்பத்திரி கம்பெனி முறையில்தான் எழுந்தது. இன்று அதன் பெயரில் 6000க்கும் அதிகமான மருந்துக் கடைகள் நடக்கின்றன. கூட்டு முதல் இல்லாமல் இவ்வளவு பெரிய அமைப்பு எழுவது கடினம்.

ஆகவே நாம் வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை இது: நோய்க்கு மருந்து கொடுத்ததற்காக வரும் லாபம் ஹலால், நோய் பெருக வேண்டும் என்ற ஆசை பாவம், நோயாளியின் இயலாமையைப் பயன்படுத்திப் பறிக்கும் லாபம் அநியாயம். ஒரே பங்கில் இம்மூன்றும் கலந்திருக்கக் கூடும். பிரித்துப் பார்ப்பது பங்குதாரரின் பொறுப்பு.

பதுக்கலும் விலையும்

2021 ஏப்ரல், மே மாதங்களை மறக்க முடியுமா? கொரோனா இரண்டாம் அலையில் ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கள்ளச் சந்தையில் அது பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது.

பதுக்கலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அச்சட்டத்தை உணவுப் பொருள்களோடு நிறுத்தினார்கள். அவர்களின் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அதெல்லாம் பதுக்கலே, அது பொன்னோ வெள்ளியோ துணியோ ஆயினும் சரி என்றார்கள். துணிக்கே அப்படியென்றால், மூச்சுத் திணறுபவரின் மருந்துக்கு என்ன சொல்வது!

மதீனாவில் விலை ஏறியபோது, விலை நிர்ணயிக்கும்படி ஸஹாபாக்கள் வேண்ட, நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். யாருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் வியாபாரிகள் வரம்பு மீறி, வேறு வழியில் மக்களைக் காக்க முடியாத நிலை வந்தால், விவரமறிந்தோரைக் கலந்து ஆட்சியாளர் விலை நிர்ணயிக்கலாம் என்று ஹனஃபீ நூலான ஹிதாயா கூறுகிறது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வகுத்து, அதைக் கணக்கிடுகையில் சில்லறை வியாபாரிக்கு 16 சதவிகிதம் லாபம் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுப்பாடு வரும்போது பங்கின் விலை சரியலாம். அப்போது 'அரசாங்கம் கெடுத்துவிட்டது' என்று புலம்புவது முஃமினுக்கு அழகல்ல. ஏழைக்கு மருந்து மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்பவர்தாம் அப்பங்கை வைத்திருக்கத் தகுதியுடையவர்.

இன்னொரு சோதனையும் சொல்வோம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் மலிவு விலையில் விற்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒரு கடை திறந்தால், உங்கள் பங்குக்குப் போட்டியாயிற்றே என்று மனம் சுருங்குகிறதா? சுருங்கினால், கஃபன் துணி பற்றிய அந்த அறிவுரை நமக்கும் சொல்லப்பட்டதே.

முன்னோர் காட்டிய வழி

முஸ்லிம்கள் மருத்துவத்தை வக்ஃபின் மேல் நிறுத்தினார்கள். 1154ல் டமாஸ்கஸில் நூருத்தீன் நிறுவிய பீமாரிஸ்தானும், 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய பீமாரிஸ்தானும் வக்ஃபு வருமானத்தில் நடந்தன. மருந்து விற்போரின் கலப்படத்தையும் மோசடியையும் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார்.

நம் காலத்திலும் வழியில்லாமல் போகவில்லை. மதுரையில் 1976ல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி துவங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985ல் நம் தேனிக்கும் வந்தது. அதற்குப் பங்குதாரர் இல்லை. கொடுக்க முடிந்தவரிடம் கட்டணம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகவோ மலிவாகவோ பார்த்து, தன் காலிலேயே நிற்கிறது. உத்தமபாளையத்தில் 1956ல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி, பணம் பொதுநன்மையாக மாறியதற்கு நம் வாசலிலேயே நிற்கும் சான்று.

செய்ய வேண்டியவை

பங்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நாம் யாரையும் தூண்டவில்லை. எந்தக் கம்பெனியையும் சிபாரிசு செய்யவும் இல்லை. வாங்குவோர் இவற்றைப் பேணட்டும்.

கடன் வாங்கிப் பங்கு வாங்க வேண்டாம். குடும்பச் செலவுக்கும் கடனை அடைப்பதற்கும் உரிய பணத்தைத் தொட வேண்டாம். ஈவுத்தொகையில் வட்டி கலந்த பாகத்தைக் கணக்கிட்டு, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பங்குதாரர் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை இன்று வீட்டிலிருந்தே கைப்பேசி மூலம் கிடைக்கிறது. வட்டிக் கடன் பெருக்கும் தீர்மானம் வந்தால் எதிர்த்து வாக்களிக்க வேண்டும். கம்பெனியை நடத்துவோர் நம் வக்கீல்களின் நிலையில் இருப்பதால், அவர்கள் செய்வதை அறிந்தும் வாய் திறவாதிருப்பது பொருந்திக்கொண்டது போலாகும்.

ஜக்காத்தில் ஏமாற வேண்டாம். மருந்துக் கடையில் அடுக்கியிருப்பது வியாபாரச் சரக்கு. அதில் ஜக்காத் உண்டு. ஈவுத்தொகைக்காக மட்டும் வாங்கியவர் கம்பெனியின் சரக்கு, ரொக்கம், வரவேண்டிய கடன் ஆகியவற்றில் தம் பாகத்துக்குக் கொடுக்கலாம். என்றாவது விற்று லாபம் பார்க்கவே வாங்கியவர், நிஸாபு நிறைந்து ஆண்டு திரும்பும்போது சந்தை விலை முழுவதற்கும் இரண்டரை சதவிகிதம் கொடுப்பதே பேணுதல். "மகளின் கல்யாணத்துக்கு வைத்திருக்கிறேன்" என்பது ஜக்காத்தை நீக்கும் காரணமல்ல.

'ஹலால் முதலீடு' என்று தாடியும் தொப்பியுமாக வருவோர் எல்லாரையும் நம்ப வேண்டாம். 2019ல் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் மூடியபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. நஷ்டமே வராது, மாதந்தோறும் இவ்வளவு தருவோம் என்று ஒருவர் உறுதி கூறினால், அது முளாரபாவும் அல்ல, ஷிர்கத்தும் அல்ல. பெயர் மாற்றிய வட்டி.

இறுதியாக ஒன்று. தொலைவிலுள்ள பெருங்கம்பெனியில்தான் கூட்டுச் சேர வேண்டுமா? சின்னமனூரிலும் கம்பத்திலும் கூடலூரிலும் மருந்தியல் படித்துவிட்டு முதலில்லாமல் இருக்கும் நம் பிள்ளைகள் உண்டு. நாலு பேர் சேர்ந்து முறையான ஒப்பந்தம் எழுதி முதல் கொடுத்தால், கணக்கும் கண்முன் இருக்கும். மருந்து வாங்குபவரின் முகமும் கண்முன் இருக்கும். முகம் தெரிந்தவரின் நோய் பெருக வேண்டும் என்று யார்தான் ஆசைப்படுவார்? இதிலும் நஷ்டம் வரலாம். ஆனால் உள்ளம் கெட்டுப்போகும் அபாயம் குறைவு.

வல்ல ரஹ்மான் நமக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவானாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவை அருள்வானாக! பிறர் துன்பத்தை எதிர்பார்க்கும் செல்வத்திலிருந்து நம்மையும் நம் சந்ததியினரையும் காப்பானாக! ஆமீன்.